நாலாவது டர்னில் முடிகிற ஆட்டம்: அக்ரோ டெக், கன்ட்ரோல் டெக், புது எக்ஸ்பான்ஷன்

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்): ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு ஆட்டத்தில் எந்த எக்ஸ்பான்ஷன் (புதுக் கார்டுத் தொகுதி) வந்தாலும் முதல் இரண்டு மூன்று கிழமை லாடர் (தரவரிசைப் போட்டி) முழுக்க அக்ரோதான், வேகமாக அடித்து முடிக்கிற டெக். மேடையில் நிற்கிற மினியனை (படைவீரன் கார்டை) பார்க்காமல் நேரே எதிராளியின் ஹீரோவுக்கு அடிக்கிறவன் வெல்கிறான், யோசித்து ஆடுகிறவன் தோற்கிறான். கம்பனி வேண்டுமென்றே இப்படிச் செய்கிறதா? கன்ட்ரோல் ஆடுகிறவர்களுக்கு இனி இடமில்லையா அண்ணை?

மே 11

முதல் கிழமைகளில் அக்ரோ மேலே நிற்பது உண்மைதான் தம்பி. அதற்குச் சதி எதுவும் தேவையில்லை. கன்ட்ரோல் டெக் என்றால் எதிராளி கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற டெக். புதுக் கார்டுகள் இறங்கிய கிழமையில் என்ன கேள்வி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சின்ன மினியன்கள் கூட்டமாக வருமா, பெரியது ஒன்று வருமா, ஆயுதமா, ஸ்பெல்லா? முப்பது கார்டுக்குள் எல்லாவற்றுக்கும் பதில் அடைக்க ஏலாது. அக்ரோ ஆடுகிறவனுக்கு இந்தக் கவலை கிடையாது. எதிராளியின் ஹீரோவுக்குப் பொதுவாக 30 உயிர்தான் (அது தீர்ந்தால் தோல்வி), எந்த எக்ஸ்பான்ஷன் வந்தாலும் அதை நோக்கித்தான் அவன் அடிக்கிறான்.

எதிராளிகள் எல்லோரும் ஓரளவு ஒரே மாதிரி ஆடத் தொடங்கிய பிறகு கன்ட்ரோல் டெக் மெதுவாக எழும்பி வரும். நான் 2014-இலிருந்து கன்ட்ரோல் வாரியர் (வாரியர் வகுப்பின் கன்ட்ரோல் டெக்) பக்கம் நிற்கிறவன். இந்தக் காத்திருப்பு எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் "யோசிக்காமல்" என்ற சொல்லை ஏற்கமாட்டேன். அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது கடை திறக்க வேண்டும்.

மே 11, இரவு

அக்ரோ நிறைந்திருப்பதற்கு இன்னொரு காரணம் நேரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லாடரில் போனஸ் நட்சத்திரம் தீர்ந்த பிறகு வென்றால் ஒன்று ஏறும், தோற்றால் ஒன்று இறங்கும். உங்கள் அக்ரோ டெக் 53 சதவீதம் வெல்கிறது, ஒரு ஆட்டத்துக்கு 6 நிமிடம் என்று வைப்போம். மணித்தியாலத்தில் 10 ஆட்டம், மிஞ்சுவது 0.6 நட்சத்திரம். கன்ட்ரோல் டெக் 56 சதவீதம் வெல்கிறது, ஆனால் ஒரு ஆட்டம் 15 நிமிடம். மணித்தியாலத்தில் 4 ஆட்டம், மிஞ்சுவது 0.48. கூட வெல்கிற டெக் மெதுவாக ஏறுகிறது! இரண்டும் சமமாக ஏற வேண்டுமென்றால் கன்ட்ரோல் டெக் 57.5 சதவீதம் வெல்ல வேண்டும். அப்படி ஒரு டெக் இருந்தால் அதையே முதலில் நெர்ஃப் பண்ணுவார்கள், அதாவது பலத்தைக் குறைப்பார்கள்.

அதனால் லாடரில் அக்ரோவை அடிக்கடி காண்கிறோம் என்பதை மட்டும் வைத்து அக்ரோ பலமானது என்று சொல்ல முடியாது. அது சீக்கிரம் முடிகிறது, எனவே அதிகம் ஆடப்படுகிறது.

மே 13

நேரத்தோடு சேர்த்து விலையையும் சொல்ல வேண்டும். கார்டு செய்யக் கொடுக்கிற, வேண்டாத கார்டை உடைத்தால் கிடைக்கிற ஆட்டக் காசுக்கு டஸ்ட் என்று பெயர். சாதாரணக் கார்டு செய்ய 40 டஸ்ட், ரெயர் 100, எபிக் 400, லெஜண்டரி 1600. ஒரு லெஜண்டரியை உடைத்தால் 400 தான் திரும்பக் கிடைக்கும், ஆக ஒன்றைச் செய்ய நாலை உடைக்க வேண்டும். பழைய கன்ட்ரோல் வாரியருக்கு அந்தக் காலத்திலேயே "வாலட் வாரியர்" என்று பட்டம் வைத்திருந்தார்கள், அத்தனை லெஜண்டரி அதற்குள். நேரே ஹீரோவை அடிக்கிற ஃபேஸ் ஹன்டர் டெக்கோ பெரும்பாலும் சாதாரணக் கார்டுகளிலேயே ஓடியது.

எங்கள் கடைக்குப் பின்னேரம் ரியூசன் முடிந்து வருகிற பெடியள் யாரிடமும் வங்கி அட்டை கிடையாது. கோல்டு சேர்த்து, 100 கோல்டுக்கு ஒரு பாக்கெட் திறந்துதான் ஆடுகிறார்கள். அவர்கள் அக்ரோ ஆடுவதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருக்கிற கார்டுக்கு ஏற்ற டெக்கை ஆடுகிறார்கள், அதையும் கவனமாக ஆடுகிறார்கள். ஐந்தாவது டர்னில் எதிராளியின் மினியனை அடிப்பதா ஹீரோவை அடிப்பதா என்று அவர்கள் நின்று கணக்குப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு புள்ளி சேதத்தை வீணாக்கினால் அந்த ஆட்டம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். கன்ட்ரோல் ஆடுகிறவருக்கு ஒரு தவறைத் திருத்த இன்னும் பத்து டர்ன் இருக்கிறது, அக்ரோ ஆடுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

மே 14

நெர்ஃப் ஆன கார்டுக்கும் உடைத்தால் இதே கணக்கா, முழு டஸ்ட்டும் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், நெர்ஃப் ஆன கார்டை உடைத்தால் சில நாட்களுக்கு முழு டஸ்ட்டும் திரும்பக் கிடைக்கும். லெஜண்டரி என்றால் 1600. கேட்டவருக்கு நன்றி, பெடியளுக்கும் இதைத்தான் சொல்வது: நெர்ஃப் அறிவிப்பு வந்தால் உடைக்க மறக்காதீர்கள்.

மே 18

கேள்விக்கு நேராக வருகிறேன். சமநிலை என்றால் என்ன என்பதில்தான் நான் மற்றவர்களோடு ஒத்துப்போவதில்லை. எல்லோரும் வெற்றி சதவீதத்தைப் பார்க்கிறார்கள். அக்ரோவும் கன்ட்ரோலும் மோதினால் 50க்கு 50 வந்தால் சமநிலை என்கிறார்கள். எனக்கு அது போதாது. ஆட்டம் தீர்மானமாகிற அந்த டர்னில் இரண்டு பேருக்கும் தெரிவு ஒன்று இருந்ததா என்பதே என் அளவுகோல்.

ரெனோ ஜாக்சன் என்ற கார்டை எடுங்கள். 2015 நவம்பரில் லீக் ஆஃப் எக்ஸ்ப்ளோரர்ஸ் தொகுதியோடு வந்தது. 6 மனா, அதாவது இறக்குகிற விலை 6, வழக்கமாக ஆறாவது டர்னில்தான் கொடுக்க முடியும். டெக்கில் ஒரே கார்டு இரண்டு தடவை இல்லையென்றால் உங்கள் ஹீரோவுக்கு முழு உயிரும் திரும்பும். அப்போது கன்ட்ரோல் பக்கத்தினர் கொண்டாடினார்கள், நானும்தான். அக்ரோவுக்கு எதிராக இவ்வளவு பெரிய மருந்து அதற்கு முன் வரவில்லை. சரி, அந்த மருந்து ஆறாவது டர்னுக்குள் கைக்கு வர எவ்வளவு வாய்ப்பு? தொடக்கக் கையில் ரெனோ இல்லாவிட்டால் எல்லாக் கார்டையும் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக் கணக்கிட்டேன். முதலில் ஆடினால் ஏறத்தாழ 38 சதவீதம். இரண்டாவதாக ஆடினால் ஏறத்தாழ 44. ரெனோ வந்தால் அக்ரோக்காரன் அதுவரை அடித்த அடி அத்தனையும் ஒரே கார்டில் அழிந்துவிடும். வராவிட்டால் கன்ட்ரோல்காரர் ஆறாவது டர்னில் செத்துப்போவார்.

மொத்தத்தில் அந்த மோதல் 50க்கு 50 பக்கத்தில் வந்து நிற்கலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே ஆட்டமே நடக்கவில்லை, கார்டு வந்ததா வரவில்லையா என்பதுதான் நடந்தது. தோற்றவர் என்ன மாற்றிச் செய்திருக்கலாம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. வென்றவருக்கும் அதே பதில்தான்.

மே 19

நேற்று எழுதியது அக்ரோ பக்கத்துக்கும் பொருந்தும், அதனால் தொடர்கிறேன்.

2014 ஜூலையில் நாக்ஸ்ராமஸ் தொகுதி வந்தபோது அண்டர்டேக்கர் என்று ஒரு மினியன் வந்தது. 1 மனா, 1/2, அதாவது 1 தாக்கு, 2 உயிர். டெத்ராட்டில் (சாகும்போது ஏதாவது செய்கிற திறன்) உள்ள மினியனை நீங்கள் இறக்குகிற ஒவ்வொரு தடவையும் +1/+1. முதல் டர்னில் அது இறங்கி, அதை உடனே கொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லையென்றால், மூன்றாவது டர்னில் அதைத் தொடக்கூட முடியாது. 2015 ஜனவரியில்தான் அதை மாற்றி, தாக்கு மட்டும் கூடும், உயிர் கூடாது என்று ஆக்கினார்கள்.

பிறகு 2016 டிசம்பரில் மீன் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் காட்ஜெட்ஸான். அதில் பேட்சஸ் என்ற கடற்கொள்ளையன். வேறொரு பைரேட்டை நீங்கள் இறக்கினாலே டெக்கிலிருந்து தானாகப் பாய்ந்து வந்து உடனே அடிக்கும். மனா தேவையில்லை, கையில் இருக்கவும் தேவையில்லை. எதிராளி அதை வரவிடாமல் தடுக்க வழியில்லை, ஆடுகிறவர் எப்போது இறக்குவது என்று யோசிக்கவும் வேலையில்லை. தப்பித்தவறி அது தொடக்கக் கையில் வந்துவிட்டால் மட்டும் வெறும் 1/1. இங்கேயும் சீட்டு வந்த விதம்தான் ஆட்டத்தை முடிவு செய்தது. பேட்சஸோடு சேர்ந்து ஓடிய ஸ்மால்-டைம் பக்கனீர் என்ற மினியனுக்கு 2017 பெப்ரவரியில் உயிரை 2 இலிருந்து 1 ஆகக் குறைத்தார்கள். பேட்சஸின் சார்ஜை (இறங்கியவுடன் அடிக்கிற திறனை) எடுக்க 2018 பெப்ரவரி ஆனது.

"கம்பனி வேண்டுமென்றே செய்கிறதா" என்று கேட்டவருக்கு இந்தத் தேதிகளே பதில். அண்டர்டேக்கரைத் திருத்த அரை வருடம் எடுத்தது. 2020 ஏப்ரலில் டீமன் ஹன்டர் என்ற புது வகுப்பு வந்தபோது ஓரிரு நாளுக்குள் கை வைத்தார்கள், அதன் கார்டான ஸ்கல் ஆஃப் குல்டான் 5 மனாவிலிருந்து 6க்கு ஏறியது. முதலில் கவனிக்காமல் விட்டார்கள், பிறகு கவனிக்கப் பழகினார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

மே 25

அப்படியானால் எப்படிப்பட்ட கார்டு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த கார்டு ஒன்று சொல்கிறேன்: டிஃபைல். வார்லாக் வகுப்புக்கு, 2017 ஆகஸ்டில் நைட்ஸ் ஆஃப் த ஃப்ரோஸன் த்ரோனில் வந்தது. 2 மனா. எல்லா மினியனுக்கும் 1 சேதம், ஏதாவது ஒன்று செத்தால் திரும்பவும் அதே.

எதிராளியிடம் 1, 2, 3 உயிருள்ள மினியன்கள் வரிசையாக நின்றால் முதல் அடியில் ஒன்று சாகும், இரண்டாவதில் அடுத்தது, மூன்றாவதில் கடைசியும். 2 மனாவில் மேடை வெறுமை. அதே மேடையில் 2, 2, 3 நின்றால் முதல் அடியில் ஒன்றும் சாகாது, கார்டு வீண். இதைத் தெரிந்த அக்ரோக்காரன் 1 உயிர் மினியனை வேண்டுமென்றே கையில் பிடித்து வைப்பான், அல்லது நடுவில் ஒரு படியை விட்டுவைப்பான். அதைத் தெரிந்த வார்லாக் தன் மினியனால் ஒன்றை அடித்து, அந்த இல்லாத படியைத் தானே உண்டாக்குவான். நாலாவது டர்னில் இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்ரோ வேகமாகவே இருக்கிறது, கன்ட்ரோலுக்குப் பதிலும் இருக்கிறது, இரண்டு பேருக்கும் செய்ய வேலையும் இருக்கிறது. விலை மலிவு, ரெனோ மாதிரி எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிப்பதுமில்லை. ஒரு எக்ஸ்பான்ஷனில் இப்படி மூன்று கார்டு வந்தால் எனக்குப் போதும்.

ஜூன் 1

நேற்று ஒட்டுசுட்டானுக்குப் பயணம். மாங்குளத்தில் பஸ் ஏறி, A34 வீதியில் காட்டுப்பக்கம் போனதும் சிக்னல் விழுந்துவிட்டது. ஆட்டம் பாதியில். திரும்ப இணைவதற்கு ஹார்த்ஸ்டோன் இடம் தருகிறது, ஆனால் ஒரு டர்னுக்கு 75 விநாடி, நேரம் தீர்வதைத் திரையில் காட்டுகிற அந்தக் கயிறு எரிந்து முடிவதற்குள் வந்து சேர வேண்டும். வரவில்லை, இரண்டு டர்ன் போய்விட்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வன்னியில் கன்ட்ரோல் ஆடுவதற்கு டஸ்ட் மட்டும் போதாது. இருபது நிமிடம் உடையாத இணைப்பு வேண்டும். 2022-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது. கரண்ட் போனால் ரவுட்டர் போகும். கொஞ்ச நேரத்தில் டவரும் தள்ளாடும். போனில் மிஞ்சிய சார்ஜை வைத்து ஒரு நீண்ட ஆட்டம் தொடங்க யாருக்கு மனம் வரும்? அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் ஆடிய எல்லோரும் அக்ரோவுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தை எந்த வெற்றி சதவீதமும் காட்டாது. மெட்டா (எந்த டெக்குகள் அதிகம் ஆடப்படுகின்றன என்பது) என்று நாம் சொல்வதில் பாதி, ஆடுகிறவர்களின் நேரமும் கரண்டும் டேட்டாவும்தான் என்று அப்போதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

கொழும்பில் ஃபைபர் இணைப்பில் இருந்து ஆடுகிறவர் "அக்ரோ ஆடுகிறவர்களுக்குப் பொறுமை இல்லை" என்று எழுதுவது இதனால்தான் எனக்கு உறைக்கிறது.

ஜூன் 2

செத்த வீட்டு இரவுகளில் விடியும்வரை 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் இருந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விடயம் சொன்னால் உடனே விளங்கும். 32 சீட்டு, மொத்தம் 304 புள்ளி. முதல் நாலு சீட்டைப் பார்த்துவிட்டே, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். 160 கேட்கலாம், துணிந்தால் 200 கேட்கலாம். 200 கேட்டால் அவருக்கு 200 வேண்டும், எதிர்ப்பக்கம் 105 எடுத்தாலே அவர் கவிழ்ந்துவிடுவார். 160 மட்டும் கேட்டிருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு 145 தேவை.

பாருங்கள், அங்கே வேகத்துக்கான விலையை ஆடுகிறவரே தன் வாயால் போடுகிறார். கூடக் கேட்கக் கேட்கத் தடுக்கிறவருக்கு வேலை லேசாகிறது. டிஜிட்டல் கார்டு ஆட்டத்தில் அந்த விலையை எங்கோ இருக்கிற வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் முன்னரே அச்சடித்து அனுப்பிவிடுகிறார். அண்டர்டேக்கருக்கு 1 மனா என்று அவர் போட்டால் நாம் எல்லோரும் அந்த விலைக்குத்தான் ஆட வேண்டும். அது பிழையென்று தெரிந்தாலும் அடுத்த திருத்தம்வரை காத்திருக்க வேண்டும்.

ஜூன் 2, இன்னும் கொஞ்சம்

மார்வல் ஸ்னாப் என்ற கார்டு ஆட்டம் இந்த இடத்தில் நல்ல வேலை செய்திருக்கிறது. 2022 அக்டோபரில் வந்தது. 12 கார்டு, 6 டர்ன், சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம்பிக்கை இருந்தால் ஸ்னாப் பண்ணிப் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம், உச்சம் 8 கியூப் (பந்தயப் புள்ளி). நிலைமை சரியில்லையென்றால் எழும்பிப் போகலாம், குறைந்த கியூபோடு. ஆக தோற்கிறவனுக்கும் கடைசிவரை ஒரு தெரிவு இருக்கிறது, எவ்வளவு தோற்பது என்று. காட்டுப்பாதை பஸ்ஸிலும் ஆடி முடிக்கலாம். அங்கே கன்ட்ரோல் கார்டுகள் ஆடுவதற்கு நேரம் ஒரு தண்டனையாக இல்லை, எல்லோருக்கும் அதே 6 டர்ன்தான்.

ஜூன் 9

கன்ட்ரோலைக் கொல்வது அக்ரோ என்று எல்லோரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் கன்ட்ரோலை உண்மையில் கொன்றது வேறு.

ட்ரூயிட் வகுப்பின் ஜேட் ஐடல் கார்டை ஞாபகம் வையுங்கள், பேட்சஸ் வந்த அதே 2016 டிசம்பர். ஜேட் கோலெம் என்ற மினியன் ஒன்றை இறக்கலாம், அல்லது அதே கார்டின் மூன்று பிரதிகளை டெக்குக்குள் கலக்கலாம். ஒவ்வொரு கோலெமும் முன்னதைவிடப் பெரிது. டெக் தீரவே தீராது. கன்ட்ரோல் வாரியரின் கடைசி நம்பிக்கை என்ன? இரண்டு பேருக்கும் கார்டு தீர்ந்து, ஃபட்டீக் சேதம் 1, 2, 3 என்று ஏற, அதில் நாம் ஒருபடி தாங்குவது. ஜேட் ட்ரூயிடுக்கு எதிராக அந்த வழி அடைபட்டது. நீங்கள் எவ்வளவு நன்றாகத் தடுத்தாலும் அடுத்த கோலெம் வரும், அதற்கு அடுத்தது அதைவிடப் பெரிதாக வரும். எட்டு மாதம் கழித்து 2017 ஆகஸ்டில் ஸ்கல்கிங் கீஸ்ட் என்ற மினியன் வந்தது. 6 மனா, 4/6, இரண்டு பேரின் கையிலும் டெக்கிலும் உள்ள எல்லா 1 மனா ஸ்பெல்லையும் அழிக்கும். வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் அதுவும் ரெனோ மாதிரிதான், வந்ததா இல்லையா.

2021 ஆகஸ்டில் ஸ்டார்ம்விண்ட் தொகுதியில் வந்த குவெஸ்ட்லைன்கள் (படிப்படியாகப் பணி முடித்தால் பரிசு தருகிற கார்டுகள்) இன்னும் மோசம். அவற்றில் த டீமன் சீட் முடிந்துவிட்டால் வார்லாக் தனக்குத்தானே போடுகிற சேதமெல்லாம் எதிராளிக்குப் போகும். அதை வைல்டில் (பழைய கார்டுகளையும் ஆடலாம் என்கிற வகையில்) தடையே செய்ய வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் எனக்கிருந்த ஒரே வழி, அவன் முடிப்பதற்குள் அவனை அடித்து முடிப்பது. கன்ட்ரோல்காரனான நான் அக்ரோ ஆடிய மாதங்கள் அவை. ஆடியபோதுதான் மே 13 அன்று எழுதியது எனக்குச் சொந்த அனுபவமாக விளங்கியது: ஒவ்வொரு சேதப் புள்ளியும் எண்ணப்பட வேண்டியது.

ஆக, அக்ரோ இருப்பது கன்ட்ரோலுக்கு நல்லது. அக்ரோ அடக்கப்பட்டால் மேலே வருவது நாம் நினைக்கிற அமைதியான கன்ட்ரோல் கிடையாது. யாரும் தொந்தரவு செய்யாமல் பத்து டர்ன் தன் வேலையைப் பார்த்து, சில கார்டுகளைச் சேர்த்து ஒரேயடியில் முடிக்கிற காம்போ டெக்தான் வரும். அதைத் தடுக்க கன்ட்ரோலிடம் கருவி இருக்காது. அக்ரோ காம்போவை அடிக்கும், கன்ட்ரோல் அக்ரோவை அடிக்கும். இதில் ஒரு காலை ஒடித்தால் மற்ற இரண்டும் நிற்காது. அக்ரோவை நெர்ஃப் பண்ணச் சொல்லி எழுதுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஜூன் 10

லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டெரா என்ற கார்டு ஆட்டம் பற்றிக் கேட்டவருக்கு. 2020-இல் வந்தபோது நான் மிகவும் விரும்பிய ஆட்டம். ஒரு ரவுண்டில் ஒருவருக்குத்தான் அட்டாக் டோக்கன் (தாக்கும் உரிமை), அடுத்த ரவுண்டில் மற்றவருக்கு. செலவழிக்காத மனாவில் 3 வரை ஸ்பெல்லுக்காகச் சேர்த்து வைக்கலாம். ஒருவர் ஒரு கார்டு இறக்கினால் உடனே மற்றவருக்கு முறை. கன்ட்ரோலுக்கு மூச்சுவிட விதியிலேயே இடம் இருந்தது. அதனால்தான் 2021-இல் அசிர், ஐரீலியா என்ற இரண்டு கார்டும் சேர்ந்த டெக் அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது. அதன் பிளேட் டான்ஸ் என்ற திறன் டோக்கன் இல்லாமலே தாக்கும், விதி தந்த அந்த ஓய்வை அது பிடுங்கிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் அந்த ஆட்டத்தின் கம்பனி ஆளுக்கு ஆள் மோதுகிற பக்கத்தைச் சுருக்கி, கணினிக்கு எதிராகத் தனியாக ஆடுகிற பக்கம் போய்விட்டது. எனக்கு இன்னும் கவலைதான்.

மேஜிக் அரீனா என்ற கார்டு ஆட்டத்தில் ஒற்றை ஆட்டமாக ஆடினால் அக்ரோவுக்குச் சாதகம். ஆட்டம் தொடங்கும்போது கணினி ஒன்றுக்கு மேற்பட்ட கையை எடுத்துப் பார்த்து, மனா தருகிற நிலக் கார்டின் விகிதம் டெக்குக்குப் பொருந்துகிற கையைத் தருகிறது. குறைந்த நிலம் வைக்கிற அக்ரோ டெக் இதில் துணிந்து இன்னும் குறைக்கலாம். மூன்று ஆட்டத் தொடரில் அது இல்லை. அங்கே 15 கார்டு சைட்போர்டும் (ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ள வெளியே வைக்கிற கார்டுகள்) உண்டு, கன்ட்ரோல் தன் பதில்களை இரண்டாவது ஆட்டத்துக்குத் திருத்திக்கொள்ளும். நேரம் இருந்தால் அதை ஆடுங்கள்.

ஜூன் 22

வவுனியாத் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: சேர்த்து வைத்த 1600 டஸ்ட் இருக்கிறதாம், புது எக்ஸ்பான்ஷன் வந்ததும் கன்ட்ரோல் லெஜண்டரி ஒன்று செய்யலாமா என்று.

உடனே செய்யாதீர்கள். கார்டுகள் வெளியாகும்போது லெஜண்டரியைக் கடைசியில் பாருங்கள். முதலில் 2, 3 மனாவில் என்ன பதில் கார்டு வருகிறது என்று பாருங்கள். அது எதிராளியை யோசிக்க வைக்கிறதா, அல்லது வந்தால் வெற்றி வராவிட்டால் தோல்வி என்கிற மாதிரியா? பிறகு 1 மனா மினியன்கள்: இரண்டாவது டர்னில் அதைக் கொல்ல எத்தனை வகுப்புக்கு வழி இருக்கிறது என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு, ஆட்டத்தைத் தடுக்கவே முடியாமல் முடிக்கிற கார்டு ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தால் அந்த எக்ஸ்பான்ஷனில் கன்ட்ரோலுக்கு டஸ்ட் போட வேண்டாம்.

மூன்று கிழமை பொறுங்கள். முதல் நெர்ஃப் வரட்டும். அதுவரை கையில் இருக்கிற மலிவான அக்ரோ டெக்கை ஆடுங்கள், கோல்டு சேரும். பெரிய லெஜண்டரி எதற்கும் முன், பதில் கார்டுகளில் ரெயர் இரண்டைச் செய்யுங்கள், 200 டஸ்ட்தான். 1400 கையில் மிஞ்சும்.